ஒரு கை பிடிங்கக்கா

மேல்வீட்டில் என்ன சாமான் நகர்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் திறமை எனக்கு அந்த நாட்களில் வந்திருந்தது. பீரோ என்றால் நீளமாக ஓர் உறுமல். சோபா என்றால் தட், கொஞ்சம் நிறுத்தம், மறுபடியும் தட். பிளாஸ்டிக் நாற்காலி வெறும் கிறீச். கட்டில் நகர்ந்தால் மட்டும் எங்கள் ஹால் டியூப்லைட் லேசாக நடுங்கும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் டாக்டர்கள் மூக்குக்குள்ளேயே பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். கல் இருப்பது சிறுநீரகத்திலா பித்தப்பையிலா என்று அந்த மனுஷன் சொல்லப்போகும் நேரமாகப் பார்த்துத்தான் மேலே பீரோ புறப்படும்.

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், தரைத்தளத்தில் ஒரு வீடு, முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் அந்தச் சாமான் நகர்த்துகிறவள் என்று அடுக்கிய சின்னக் கட்டடம் அது. அபார்ட்மெண்டில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயரோடு ஓர் அம்மாவை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மூத்த பெண்ணை எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டதால் அவள் பாப்பா அம்மா ஆனாள். பாப்பாவுக்கு அடுத்து ஒரு பையன், அப்போது இரண்டரை வயது இருக்கும். அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவள் உண்மைப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கேயாவது படித்துவிட்டு, பத்தியை அங்கிருந்து இங்கே மாற்றுங்கள் என்று போன் பண்ணுவாள்.

அவர்கள் குடிவந்த முதல் மாதமே பொறுக்க முடியாமல் சண்டை போடுவதற்கென்று மேலே போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று படியேறும்போதே வரிசைப்படுத்திக்கொண்டுதான் போனேன். கதவு திறந்திருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நெற்றி வியர்வையோடு, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

பிடித்தேன். வேறு என்ன செய்வது, பீரோ பாதி தூக்கியபடி நிற்கிறது. ஜன்னலோரத்துக்கு அதைக் கொண்டுபோய் வைத்தோம். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள்.

"இல்லக்கா. இங்க இது நிக்க மாட்டேங்குது."

நன்றாகத்தான் நின்றது. எனக்குத் தெரிந்து அந்த பீரோ எங்கே வைத்தாலும் நன்றாகத்தான் நின்றிருக்கும். அரியமங்கலம் பட்டறையில் சொல்லிச் செய்த, ஆள் உயரத்தைத் தாண்டிய கெட்டித் தகடு. ஆனாலும் மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோனோம். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். அந்த வீட்டுக்குப் புகார் சொல்லப் போன யாருக்கும் இதே கதிதான். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் சோபாவைத் தூக்கியிருக்கிறார். பார்சல் கொண்டுவந்த பையன் டைனிங் டேபிளின் ஒரு காலைப் பிடித்திருக்கிறான். தரைத்தளத்து மாமி ஒருநாள் மேலே போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை நானே பார்த்தேன்.

என் சுபாவம் நேரெதிர். என் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்த அன்றைக்கு இறக்கி வைத்தவர்கள் எங்கே வைத்தார்களோ அங்கேயேதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதனால் அவளைப் பார்த்தாலே எனக்கு உடம்பு அலுத்துப்போகும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏம்மா, ஒரு வாரமாவது ஒரு சாமான் ஒரு இடத்துல இருந்தா என்ன?"

அவள் பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே யோசித்தாள்.

"எங்கப்பாவுக்கு ஊர் ஊரா வேலைக்கா. வருஷத்துக்கு ஒரு வீடு. மருங்காபுரியில இருப்போம், திடீர்னு முசிறிம்பாரு. எந்த வீடும் பழகறதுக்குள்ள கிளம்பிடுவோம். இப்ப சொந்த வீடு வாங்கியாச்சு. இனிமே வீட்டை மாத்த முடியாதுல்ல, அதான் சாமானை மாத்துறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இட்லி ஊட்டும்போதும் அவள் கண் சோபாவை அளந்துகொண்டிருந்தது.

கட்டில் கதையைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. படுக்கையறை காலியாக இருந்தபோது அளவெடுத்து, அதே அரியமங்கலம் பட்டறையில் கொடுத்து, அகலமான ஓர் இரும்புக் கட்டில் செய்து வாங்கினாள். நான்கு பேரும் ஒன்றாகப் படுக்க வேண்டும் என்று ஆசை. கட்டில் வந்து இறங்கிய பிறகுதான் பாத்ரூம் கதவு அறைக்குள்ளே பார்த்துத் திறக்கும் என்பது நினைவுக்கு வந்தது. கிழக்கு மேற்காகப் போட்டால் கதவு திறக்காது. வடக்கு தெற்காகத்தான் போட முடியும். அப்போது முசிறியிலிருந்து அவள் மாமியார் வந்திருந்தார்.

"வடக்க மட்டும் தலை வச்சுப் படுத்துறாதீங்க. பிள்ளைங்க இருக்கிற வீடு."

சரி, தெற்கே தலை வைப்போம் என்று தலையணையைத் திருப்பிப் போட்டாள். அதைப் பார்க்க வந்த கீழ்வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏன்டிம்மா, தெற்கே தலை வச்சேள்னா கால் நேரா பெருமாளுக்கு நேரேன்னா நீள்றது. ஸ்ரீரங்கத்துல இருந்துண்டு ரங்கநாதன் பக்கம் காலை நீட்டலாமோ?"

எங்கள் சந்து கோயிலுக்குத் தெற்கே. மொட்டை மாடிக்குப் போனால் ராஜகோபுரம் வடக்கே நிமிர்ந்து நிற்கும். மாமி சொன்னது கணக்குப்படி சரி. மாமியார் சொன்னதும் சரி. கடைசியில் கட்டிலை வடக்கு தெற்காகப் போட்டுவிட்டு, நால்வரும் அதில் குறுக்கே கிழக்கு பார்த்துத் தலைவைத்துப் படுத்தார்கள். பிள்ளைகளுக்கு இடம் தாராளமாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் ஆறடி உயரம். முழங்காலுக்குக் கீழே கால் வெளியில் தொங்கியது. அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டாள். மனிதர் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து, ஸ்டூல்மேல் காலை வைத்துக்கொண்டு தூங்குவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சோபா இருந்த இடம் என்று நினைத்து உட்காரப்போய்த் தரையில் விழுந்த அன்றுகூட, எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சோபா எங்கே என்று மட்டும்தான் கேட்டாராம்.

அவர் பேசியது பையன் விஷயத்தில்தான்.

பையன் முட்டிக்கொண்டே இருந்தான். நெற்றியில் ஒரு வீக்கம் வடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும். சோபாவின் கைப்பிடி, டேபிள் விளிம்பு, பீரோ மூலை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தடாலென்று ஒரு சத்தம், அடுத்து அழுகை, அடுத்து ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம், ஐஸ்கட்டிக்காக. கீழே இருந்தே எனக்கு வரிசை பாடமாகிவிட்டது. மற்றபடி அமைதியான பையன். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு காரை வைத்து விளையாடுவான். எதைக் கையில் கொடுத்தாலும் மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்ப்பான். என் பெண் அதைச் செய்து காட்டிச் சிரிப்பாள். எங்களுக்கு எல்லாம் அது செல்லமாகத்தான் தெரிந்தது. டிவிக்கு முன்னால் ஒட்டி நிற்பதைப் பார்த்து டிவிப் பைத்தியம் என்போம்.

முட்டிக்கொள்வதற்கு யார் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நேற்று வெறும் இடமாக இருந்ததில் இன்று பீரோ நின்றால் பிள்ளை முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? மாமியார் சொன்னார், மாமி சொன்னார், நானும்தான் சொன்னேன். ஒரு நாள் புருவத்துக்கு மேலே கிழிந்து தையல் போடும்படி ஆனது. அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, படியில் நின்ற எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுல ஒரு சாமான் நகரக் கூடாது. நகர்ந்துச்சுன்னா பிள்ளைங்களை முசிறிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் எங்கம்மா இங்கயே தங்கி, எதுவும் நகராம பாத்துக்கட்டும்."

சத்தம் போடாமல் சொன்னார். அதனால்தான் எல்லோருக்கும் அது உண்மையாகப் பட்டது. அவள் பையனின் சட்டையில் இருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மேலே ஒரே அமைதி. எனக்கு வேலை ஓடியது. டாக்டர்கள் தெளிவாகப் பேசுவதுபோல் தோன்றியது. பையன் முட்டிக்கொள்வதும் நின்றுபோனது. வாசலிலிருந்து பால்கனி வரை ஒரு திசை மாறாமல் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். "பாத்தியா, சொன்னோம்ல" என்று மாமியார் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. பேரன்மேல் உயிர்.

அவள்தான் கெட்டுப்போனாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிந்தாள். துணியை மடிப்பாள், உதறுவாள், மறுபடி மடிப்பாள். மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பி ஏறுவாள். பெரிய கடைவீதியில் துணி எடுத்து வந்து அவளே தைத்த, ஆரஞ்சுப் பூ போட்ட திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து அதே ஜன்னலில் மாட்டினாள். ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவனை வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாள். அவன் வழக்கம்போல அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, இவன் ஏன் உங்க வீட்டுல ஓட மாட்டேங்கிறான்?"

"கூச்சமா இருக்கும்."

"எத்தனை மாசமா வரான், இன்னும் என்ன கூச்சம்? எங்க வீட்டுல அம்பு மாதிரி ஓடுறான். வெளிய போனா என் காலை விட மாட்டேங்கிறான். அம்மாமண்டபம் படித்துறையில ஒரு அடி வைக்கலக்கா. நான் பாத்துட்டே இருக்கேன். எனக்கு இப்ப வேற வேலை இல்ல, இவனைப் பாக்கறதுதான் வேலை."

"அதுக்கு என்ன இப்ப?"

அவள் படிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க. வாங்க, ஒரு கை பிடிங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் வீட்டுக்காரர் சொன்னதை நானும்தானே கேட்டேன்.

"விளையாடாத. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொல்லியிருக்கார்."

"தெரியும்க்கா. அதான் உங்களைக் கூப்பிடுறேன். தனியா பண்ண எனக்குத் தைரியம் இல்ல."

போனேன். ஹாலில் வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் படுக்கையறையிலிருந்து அந்த வெள்ளை ஸ்டூலை எடுத்து வந்தாள். அதன்மேல் ஒரு வெள்ளைப் போர்வையை மெத்தையாக மடித்துச் சுற்றி, மூலை எதுவும் வெளியே தெரியாமல் கட்டினாள். வெள்ளை டைல்ஸ் தரையில், வாசலுக்கும் பால்கனிக்கும் சரியாக நடுவில் வைத்தாள். என்னை அதற்குப் பக்கத்தில் மண்டியிடச் சொன்னாள்.

"விழுந்தா பிடிச்சுக்குங்க. முன்னாடியே பிடிக்காதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த நிமிஷம் அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையை வேண்டுமென்றே முட்டவைக்கப் போகிறாள். வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. அவன் ஒதுங்கிப் போக வேண்டும், போக வேண்டும் என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பையனை வாசலில் நிறுத்திவிட்டு, பால்கனிக் கதவருகே போய் நின்று கூப்பிட்டாள். "தம்பி, அம்மாகிட்ட ஓடி வா பாப்போம்."

அவன் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். வேகம் குறையவே இல்லை. நேராக ஸ்டூலில் மோதி என் கைமேல் விழுந்தான். அடி ஒன்றும் படவில்லை, அழவுமில்லை. எழுந்து உட்கார்ந்து, போர்வையை இரண்டு கையாலும் தடவினான். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அம்மா, இது புதுசா?" என்றான்.

அவள் அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

மாமியார் கோயிலிலிருந்து திரும்பியபோது ஸ்டூல் நடு ஹாலில் அப்படியேதான் கிடந்தது. அதை ஒளித்துவைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த பிரசாதப் பொட்டலத்தை டேபிளில் வைத்தார்.

"ஆரம்பிச்சுட்டியா?"

"அத்தை, இவனுக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"என்ன பேச்சு பேசுற? என் பேரனுக்குக் கண்ணு தெரியலையா? உன் ஆட்டத்துக்குப் பிள்ளைமேல பழியைப் போடாத. வாயைக் கழுவு."

வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். அவரிடமும் அதையேதான் சொன்னாள். அவர் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமான் நகர்ந்துவிட்டது, இனி தான் சொன்னதைச் செய்தாக வேண்டும் என்று அவருக்குள் ஓடியிருக்கும். பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவள். "நாளைக்கு ஒரு நாள் எனக்குக் குடுங்க. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, நானே பஸ் ஏத்தி விடுறேன். அதுக்கப்புறம் நீங்களா கூப்பிடற வரைக்கும் நான் முசிறிப் பக்கம் வர மாட்டேன்."

அவளிடமிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பாப்பா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை முழுக்க எனக்கு ஒரு வரிகூட ஒழுங்காக டைப் அடிக்க வரவில்லை. டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வேண்டாமா என்றே தெரியவில்லை. ஒன்றும் இல்லையென்றால் இவள் பிள்ளைகளைப் பிரிய வேண்டும். இருக்கிறதென்றால் அந்தக் குழந்தை.

மறுநாள் காலை அவளும் பையனும் நானும் ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போனோம். வீட்டுக்காரர் பைக்கில் பின்னாலேயே வந்தார், எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு உட்காரவைத்தார்கள். எரிகிறது என்று பையன் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு டாக்டர், இளவயதுப் பெண், லென்ஸுகளை மாற்றி மாற்றி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் பவர் ரொம்ப அதிகம்மா. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். முகத்துக்குப் பக்கத்துல இருக்கிறது மட்டும்தான் இவனுக்குத் தெளிவாத் தெரியும். மத்ததெல்லாம் கலங்கலாத்தான். கண்ணாடி போட்டாப் பாத்துடுவான். இன்னும் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஸ்கூல்ல சொல்லிக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா, கண்ணாடி போட்டும் பார்வை முழுசா வந்திருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "வீட்டுல நல்லா ஓடுறான்ங்கறீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வீட்டுக்காரர்தான் சொன்னார். "இவங்க ஸ்டூலை நகத்தி வச்சாங்க டாக்டர்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. டாக்டருக்கு அது புரிந்திருக்காது. தலையசைத்துவிட்டுச் சீட்டு எழுதினார்.

கண்ணாடி வர ஒரு வாரம் ஆனது. தலைக்குப் பின்னால் பட்டையால் கட்டுகிற தடித்த கண்ணாடி. கடையில் போட்டுவிட்டதும் பிடுங்கி எறிந்தான். மறுபடி போட்டார்கள். மறுபடி பிடுங்கினான். மூன்றாவது தடவை போட்டபோது அப்படியே அசையாமல் இருந்துவிட்டான். ஆட்டோவில் வரும்போது ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தான். பயந்துவிட்டான் என்றாள். அவளும் பயந்துதான் இருந்தாள்.

இரண்டாம் மாடியில் மாமியார் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஒரு வாரமாக அவர் மருமகளிடம் நேராகப் பேசவில்லை, ஆனால் முசிறிக்கும் போகவில்லை. சாதாரணமாக அந்த வாசலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் பையன் உள்ளே பாய்ந்துவிடுவான். அன்றைக்கு நிலைப்படிக்கு வெளியே நின்றான். ஆரஞ்சுப் பூத் திரைச்சீலை காற்றில் ஆடியது. அதைப் பார்த்தான். சோபாவைப் பார்த்தான். பீரோவை, மேலே மின்விசிறியை, டேபிளை, பாப்பா சுவரில் கிறுக்கி வைத்திருந்ததை, ஒவ்வொன்றாக, வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"அம்மா, இது யாரு வீடு?"

வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். மாமியார்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் உயரத்துக்குக் குனிந்தார்.

"உன் வீடுதான்டா சாமி. உங்கம்மா உனக்காகப் பண்ணி வச்ச வீடு. உள்ள வா."

அவன் வரவில்லை. பாட்டியை ஒருமுறை, வீட்டை ஒருமுறை பார்த்தான். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டான்.

"உள்ள போலாமாம்மா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையைப் பிடித்தாள்.

"போலாம்டா. வலது காலை எடுத்து வச்சு வா."

அவனுக்கு எது வலது என்று தெரியாது. குனிந்து, தன் இரண்டு கால்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.